கைப்பழக்கம்

கீ... கீ... கீ... என்று தலையிலிருந்த தூண்டுகவசம் அலறியது. சென்னியப்பனின் வலது கை சோற்றுத் தட்டுக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கும் நஸ்ரின் திரையைப் பார்த்தாள். "பயிற்சியில இல்லாத அசைவுன்னு காட்டுதுங்கய்யா."

"அதைத்தான் நானும் கேக்கறேன் அம்மணி. என் கைக்குள்ள எவனைக் குடி வெச்சிருக்கீங்க?"

பக்கவாதத்தில் விழுந்த கை அது. இந்தக் கவசம் வந்த பிறகு, யாரும் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டு வருஷக்கணக்கில் காத்திருப்பதில்லை. நலமாக இருக்கும் ஒருவர் மாட்டிக்கொண்டால், காலங்காலமாகச் செய்து ஊறிப்போன அசைவுகளை அவர் மூளையிலிருந்து அது படியெடுக்கும். பிறகு நோயாளியின் மூளையை மெல்லிய மின்துடிப்பால் தூண்டியபடியே பயிற்சி கொடுத்தால், செத்த கை அவற்றைக் கற்றுக்கொள்ளும். கூடவே வாழ்கிறவரின் அசைவு என்றால் சீக்கிரம் ஒட்டும். சென்னியப்பனுக்குக் கொடுத்தவள் மனைவி பூங்கொடி.

ஒட்டத்தான் செய்தது. லாரி ஓட்டிய கை இப்போது துணியை உதறிக் கொடியில் போட்டது, கறிவேப்பிலை உருவியது. அதெல்லாம் சரி. தட்டைக் கண்டால் மட்டும் மூன்று விரல்கள் கூடி எதையோ உதிர்க்கின்றனவே, அது என்ன? திருநீறா, மந்திரமா? கம்பெனிக்காரன் வேறு எவனுடைய அசைவையோ கலந்துவிட்டான் என்று சந்தேகப்பட்டார்.

போதாக்குறைக்குச் சாப்பாடும் இறங்கவில்லை. ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் உப்பை நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆயிற்று. 'உப்பே இல்லாம எங்கூட்டுக்காரி ஆக்கற ருசி எவளுக்கு வரும்?' என்று ஊரெல்லாம் பெருமை பேசியவருக்கு, வாதம் வந்ததிலிருந்து எல்லாமே சப்பென்றிருந்தது. நாக்கும் விழுந்துவிட்டதோ?

"கழட்டிப் போட்டுருங்க. வந்த கை போதும்," என்றாள் பூங்கொடி, அவசரமாக.

சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். நேற்றுவரை கவசத்துக்குக் கற்பூரம் காட்டாத குறையாகக் கும்பிட்டவள்!

"பாதியில நிறுத்தினா கை பழையபடி விழுந்துருங்க," என்றாள் நஸ்ரின். "இந்த ஒண்ணை மட்டும் அழிக்கவும் முடியாது. எல்லாம் பின்னிக் கெடக்கு. தடுக்காதீங்கய்யா, கை போற எடத்துக்குப் போங்க."

"வேண்டாமுங்க..."

அவர் எழுந்துவிட்டார். கை முன்னே, அவர் பின்னே. சமையலறையில் அது தடுமாறவே இல்லை. மேல்தட்டுக்கு ஏறியது, புளிப்பானைக்குப் பின்னால் நுழைந்தது, ஒரு சின்ன டப்பாவோடு வெளியே வந்தது. மூடியில் தூசி. இடது கையால் திறந்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

உப்பு!

வலது கை ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டது. தட்டுக்குத் திரும்பி, சோற்றின்மேல் பாந்தமாகத் தூவியது. கவசம் இந்த முறை அலறவில்லை. திரையில் பச்சை விளக்கு எரிந்தது: 'அசைவு நிறைவு. பாராட்டுகள்.'

நஸ்ரின் யாரையும் பார்க்காமல் கம்பிகளைச் சுருட்டினாள். சென்னியப்பன் தன் கையைப் பார்த்தார். பிறகு மனைவியின் கையை.

"உப்பில்லைன்னு தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சீங்களே, அன்னைக்கு ஒரே ஒரு சிட்டிகைதானுங்க போட்டேன்... அதுக்கப்புறம் நீங்க கீழ விழுகற வரைக்கும் இந்தக் கை நிக்கவே இல்லைங்க!"