மூன்றாவது நகல்

நகல் என்றைக்கும் மூலத்தை முந்தாது. தில்லைநகரில் ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் இருந்த ஜகன்னாத், பூமி உருண்டை என்று சொல்கிற அதே நிதானத்தோடு இதைக் கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிவந்தான். நோயாளிகளைப் பற்றி எழுதுவதெல்லாம் மூல சர்வரில் ஏறும். ஆளாளுக்கு அறிக்கை கேட்டு அதைத் திணறடிக்காமலிருக்க, அதிலிருந்து அப்படியே பார்த்தெழுதிக்கொள்ளும், படிக்க மட்டுமே முடிகிற நகல் சர்வர்கள் மூன்று. மூன்றாவதை அன்று மதியம்தான் ஓடவிட்டிருந்தான்.

பதிவேட்டுப் பிரிவு வஹீதாவுக்கு நகல்மேல் நம்பிக்கை கிடையாது. ஒருமுறை நகல் பின்தங்கியதில், இறந்துபோனவர் வீட்டுக்கே 'நாளை பரிசோதனைக்கு வாங்க' என்று அழைத்துவிட்டாள். அதிலிருந்து இறப்புப் பட்டியலை அச்செடுக்குமுன் ஒவ்வொரு பெயருக்கும் வார்டுக்கு போன் போட்டுக் கேட்பாள்: "சிஸ்டர், இருக்காரா?"

"டேட்டாபேஸுக்கு நாடி புடிச்சுப் பாக்குற ஒரே ஆள் நீங்கதான்க்கா," என்பான் ஜகன்னாத். அவள் குரலிலேயே, காதில் ஸ்டேப்ளரை வைத்துக்கொண்டு, "சிஸ்டர், இருக்காரா?" என்று இழுத்துக் காட்டுவான்.

மாலை ஐந்தே முக்காலுக்கு, மூன்றாவது நகல் எத்தனை நிமிடம் பின்தங்கியிருக்கிறது என்று காட்டும் கட்டத்தில் −4 என்று இருந்தது.

நான்கு நிமிடம் முன்னால்.

கடிகாரக் கோளாறு என்று நினைத்தான். எல்லா சர்வர்களின் கடிகாரங்களும் நொடி பிசகாமல் ஒத்துப்போயின. ஏசியிலிருந்து ஈரத்துணி வாடை வந்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால், புதிய சர்வரின் விசிறி மட்டும் மற்ற இரண்டோடும் சேராமல், தூக்கத்தில் எதையோ முணுமுணுக்கிறவன்போல ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பி, இதப் பாரு. லால்குடி அமிர்தசாமி, அஞ்சு அம்பதுக்கு மவுத்துன்னு இருக்கு. இப்ப மணி அஞ்சு நாப்பத்தாறுதானே?" என்றாள் பக்கத்து மேசை வஹீதா, தன் திரையில் இறப்புப் பட்டியலைக் காட்டி. ஸ்ரீரங்கம் கிளைக்கு போன் போட்டாள். "பிரான்சி சிஸ்டர், அமிர்தசாமி இருக்காரா? ...காபி குடிக்கிறாராம்."

"ஆறுறதுக்குள்ள குடிச்சிடச் சொல்லுங்க," என்று சிரித்தான் ஜகன்னாத்.

ஐந்து ஐம்பத்தொன்றுக்கு அவள் மேசை போன் அடித்தது. கேட்டுவிட்டு, சத்தமில்லாமல் வைத்தாள்.

"டம்ளர் கையிலேயே இருக்காம்."

மூலத்தில் அந்த வரி அப்போதுதான் ஏறியது. கட்டத்தில் −7.

மக்ரிப் பாங்கு கேட்டதும் வஹீதா எழுந்தாள். "தொழுதுட்டு வந்துடறேன். அந்த மூணாவத அணைச்சுப் போடு தம்பி." கதவருகே நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

−11.

புதிய வரி. அழகியமணவாளன். வயது 68. ஸ்ரீரங்கம் கிளை, கட்டில் 14. நேரம் 6:27.

அவனுடைய அப்பா. டெங்கு காய்ச்சல் விட்டு, மறுநாள் காலையில் வீடு திரும்ப வேண்டியவர். 'ஜகனு, இவா ரசத்துல மிளகே இல்லைடா, அம்மாவச் சாத்துமுது பண்ணி அனுப்பச் சொல்லு' என்று மத்தியானம்கூட போனில் சத்தம்போட்டவர்.

மணி 6:16. இடையில் காவிரிப் பாலம். மாலை நெரிசலில் அரை மணிக்குக் குறையாது.

வரியை அழிக்கப் பார்த்தான். 'படிக்க மட்டும்' என்றது திரை. அந்தப் பூட்டைப் போட்டவன் அவன்தான். உள்ளே ஓடி வயரைப் பிடுங்கினான். விசிறி நின்றது. விளக்குகள் அணைந்தன.

திரும்பிவந்து பார்த்தான். வரி இருந்தது. திரையைப் புதுப்பித்துப் பார்த்தான். இருந்தது.

வஹீதாவின் போனை எடுத்தான். எண் மூன்று தடவை தப்பியது.

"உங்கப்பாவா? நல்லா உக்காந்து வீட்டுச் சாப்பாடு சாப்பிடுறாரு சார்," என்றாள் பிரான்சி.

"டாக்டரக் கூப்பிடுங்க. அவர் பக்கத்துலயே இருங்க."

"எதுக்கு சார்? காலைல டிஸ்சார்ஜ்..."

"கூப்பிடுங்க. போன மட்டும் வைக்காதீங்க."

ரிசீவர் மேசையில் வைக்கப்படும் சத்தம். செருப்புச் சத்தம், விலகி. அப்புறம் கிண்ணத்தில் ஸ்பூன் தட்டுவது, மெல்ல. அப்பாவின் குரல்: "மிளகு இப்பத்தான் சரியா இருக்கு."

6:25.

ஸ்பூன்.

6:26.

ஸ்பூன்.

தரையில் ஏதோ விழுந்து, உருண்டு, நின்றது.

திரையில் கட்டம் தானாக மாறியது. 0. மூலம் நகலை எட்டிப் பிடித்துவிட்டது.

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, ஜகன்னாத் கேட்டான்:

"சிஸ்டர்... இருக்காரா?"