தட்டினால் விட வேண்டும்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. கழுத்து இறுக்கப்பட்டு நினைவு தப்பியவர்களுக்கு, அதற்கு முன்னும் பின்னும் நடந்தவை இடம் மாறிப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். எது நடந்தது, எதை என் பயம் பிறகு சேர்த்துக்கொண்டது என்று பிரித்துப் பார்க்கப் பல நாள் முயன்றிருக்கிறேன். முடியவில்லை. என் தோழி அர்ஃபாவும் இதையே சொல்வதால் எழுதுகிறேன்.

நாங்கள் பழனியில் ஒரு பெண்கள் கல்லூரியின் ஜூடோ அணி. பல்கலைக்கழக அணித் தேர்வு நெருங்கியபோது, மலையில் முகாம் போடலாம் என்று உடற்கல்வி இயக்குநர் லீலா மேடம் முடிவு செய்தார்.

"மேல மூச்சு வாங்கிப் பழகிட்டா, கீழ எவளும் உங்களை அசைக்க முடியாது பிள்ளைகளா."

கல்லூரி வேன் பெருமாள்மலையில் நின்றபோது வெயில் அடித்தது. பூம்பாறை தாண்டியதும் அது காணாமல் போனது. பூண்டிக்கு மேலே, எப்போதோ மூடப்பட்ட ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தைத்தான் எங்களுக்காக வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். மரத்தளம். உயரத்தில் சின்னச் சின்ன ஜன்னல்கள். ஒரு மூலையில் ஊர்க்காரர்கள் வெள்ளைப்பூண்டைத் தண்டோடு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கதவைத் திறந்ததும் அந்த நெடி முகத்தில் அறைந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. வியர்வை. யாரோ இப்போதுதான் ஆடி முடித்துவிட்டு வெளியே போனதுபோல.

"இந்த நெடிக்குப் பேய்கூட மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடிரும்டி," என்றாள் சுகன்யா. எங்கள் அணியில் அவள் வாய் மட்டும் ஓயாது.

சாவியைக் கொண்டுவந்தவர் பூண்டு காயப்போடும் பொன்னுவேல். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"நான் வெள்ளனே வந்து பூண்டைத் திருப்பித் தொங்கவிட்டுட்டு வெரசா போயிருவேங்க. நீங்களும் சோலி முடிஞ்சா உள்ள உக்காராதீங்க."

"ஏன், என்ன இருக்கு?" என்றார் மேடம்.

"ஒண்ணுமில்லங்க. தரை சத்தம் போடும்."

ஜூடோ தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கழுத்துப் பிடியில் மாட்டியவளால் பேச முடியாது. அதனால் கையால் தரையில் இரண்டு முறை தட்டுவாள். தட்டினால், பிடித்தவள் அந்தக் கணமே விட வேண்டும். யோசிக்கக் கூடாது. யோசிக்காமல் கை தானாக விடுவதற்குத்தான் அத்தனை பழக்கம். ஒருத்தி இன்னொருத்தியிடம் தன் கழுத்தைக் கொடுப்பது அந்தத் தட்டலை நம்பித்தான்.

முதல் நாள் காலை ஜோடி ஜோடியாகத் தரைப்பிடி பழகிக்கொண்டிருந்தோம்.

தட், தட்.

எல்லா ஜோடிகளும் ஒரே நேரத்தில் பிடியை விட்டன.

"எவ தட்டினது?" என்றார் மேடம். யாரும் தட்டவில்லை. மறுபடி ஆரம்பித்தோம். மறுபடி அதே சத்தம். நாங்கள் போட்டிருந்த விரிப்புக்கு அடியிலிருந்து, பலகைக்கும் அடியிலிருந்து.

"மரம் குளிருக்குச் சுருங்குது. இதுக்கெல்லாம் விட்டுக்கிட்டிருந்தா வெளங்காது. இனிமே தரையில தட்டாதீங்க. பிடிச்சவ மேல தட்டுங்க. அப்பக் கொழப்பம் வராதுல்ல?"

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அந்த வார்த்தைகளை நான் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதை நாங்கள் மட்டும்தான் கேட்டோம் என்று அப்போது நம்பினோம்.

தரையில் சத்தம் அதோடு நின்றது.

அன்று மதியம் சுகன்யா பிடியை உதறிவிட்டு எழுந்தாள். "ஏய், எவ என் முதுகுல தட்டினது?"

அவளுக்குக் கீழே கிடந்தவளின் இரண்டு கைகளும் அதுவரை சுகன்யாவின் வயிற்றுக்கு அடியில் சிக்கியிருந்தன. பின்னால் யாரும் இல்லை. சிலர் சிரித்தார்கள். சுகன்யா சிரிக்கவில்லை. அன்று மாலைவரை அவள் பேசவும் இல்லை.

அதன்பின் ஒவ்வொருத்தியாகப் பிடியை விட ஆரம்பித்தோம். ஏன் என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. மேலே இருந்து பிடிக்கவே எவளுக்கும் விருப்பமில்லாமல் போனது.

அர்ஃபாவும் நானும் ஒரே எடைப்பிரிவு. அவள் அத்தாவுக்குக் கொடைக்கானல் பஜாரில் கம்பளிக் கடை. முதல் ஆண்டிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஆனால் அந்தப் பிரிவில் ஒருத்தியைத்தான் தேர்வுக்கு அனுப்புவார்கள். இருவருக்கும் அது கடைசி ஆண்டு. பல்கலைக்கழக அணியில் ஆடியிருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு முயலலாம் என்பது என் கனவு. வேறு வழி எனக்குத் தெரியாது. முகாமின் கடைசி நாள் மதியம் எங்கள் இருவருக்கும் போட்டி என்று மேடம் சொல்லிவிட்டார்.

அதற்கு முன் வாசல்படியில் உட்கார்ந்து டீ குடித்தோம். மூடுபனி எதிரே இருந்த கேரட் தோட்டத்தை மூடிவிட்டு எங்கள் கால்வரை வந்திருந்தது.

"பிரியா, உனக்கும் தட்டுச்சா?" மிகவும் தணிந்த குரலில் கேட்டாள்.

"ம்."

"சின்னக் கை. இல்ல?"

டீ ஆறிப்போகும்வரை இருவரும் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னிக்கு நான் விட மாட்டேன்டி," என்றாள். "பொய்த் தட்டுக்கு விட்டுட்டுத் தோத்துப்போய் அத்தா முன்னால நிக்க முடியாது."

போட்டி தொடங்கியபோது பனி கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. சுவரோரம் நின்ற பிள்ளைகள் வெறும் நிழலாகத் தெரிந்தார்கள். முதலில் அவள் கழுத்து என் கையில் மாட்டியது. நல்ல பிடி. இன்னும் ஒரு மூச்சில் முடிந்திருக்கும்.

என் முதுகில் இரண்டு தட்டு.

கை தானாக விட்டது. அர்ஃபாவின் இரண்டு கைகளும் என் சட்டையைப் பற்றியிருந்ததை அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

"விட்டுட்டியேடி," என்று முணுமுணுத்தாள். பரிதாபப்பட்டதுபோல இருந்தது. அடுத்த நொடி அவள் என் பின்னால் இருந்தாள். என் காலரே என் கழுத்தை அறுத்தது. மேடம் எங்கள் முதுகுப்பக்கம் நின்றிருந்தார். என் கை அவருக்குத் தெரிந்திருக்காது.

நான் அவள் முழங்கையில் தட்டினேன்.

அவள் விடவில்லை.

பலமாகத் தட்டினேன். என் காதோரம் அவள் மூச்சு சுட்டது. "இது நீயில்ல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். "இது நீயில்ல. இது நீயில்ல."

மறுபடி தட்டக் கையைத் தூக்கினேன்.

கை எழவில்லை.

யாரோ என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்கள்.

அர்ஃபாவின் இரண்டு கைகளும் என் கழுத்தில் இருந்தன.

அந்தப் பிடியில் முரட்டுத்தனம் இல்லை. கற்றவளின் பிடி. சட்டைக் கையின் ஓரத்தை மடித்து, மணிக்கட்டோடு சேர்த்து இறுக்கி, எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே முறையில் பிடித்திருந்தது. என் கையை மெதுவாக விரிப்பின்மேல் வைத்து அழுத்தியது. வியர்வை வாசனை மூக்கில் ஏறியது. பிறகு இருட்டு.

விழித்தபோது அர்ஃபா என் கால்களைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். "அதுன்னு நெனச்சேன்டி. நீ தட்டினதை அதுன்னு நெனச்சேன். யா அல்லாஹ்... அப்பறம் என் தோள்ல, முதுகுல, தலையில, எல்லாப் பக்கமும் தட்ட ஆரம்பிச்சிருச்சு. விடுற வரைக்கும் தட்டுச்சு. அதனாலதான் விட்டேன்."

நான் என் மணிக்கட்டைப் பார்த்தேன். விரல் தடங்கள் நீலமாகக் கிடந்தன.

தட்டியவள் என்னைக் காப்பாற்ற நினைத்தாள். தட்டவிடாமல் என் கையைப் பிடித்தவள் வேறொருத்தி.

வேன் கிளம்பும்போது பொன்னுவேல் பூட்டோடு வந்தார். என் கையைக் கவனித்தவர், மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்: "தட்டுற பிள்ள பாவங்க, இங்க படிச்சதுதான். அது ஒண்ணும் செய்யாது."

மற்றவளைப் பற்றி நான் கேட்டேன். அவர் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

லீலா மேடம் அடுத்த ஆண்டு வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். நான் சாப்பிடாமல் ஆடி மயங்கி விழுந்தேன் என்றுதான் இன்றும் சொல்கிறார். சுகன்யா கல்யாணமாகி உடுமலையில் இருக்கிறாள். இந்தப் பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுகிறாள். பொன்னுவேல் பூண்டை இப்போது வீட்டு மாடியில் காயப்போடுவதாகக் கேள்வி. நான் தேர்வுக்குப் போகவில்லை. அடிவாரத்தில் அப்பாவின் பூக்கடையில் உட்கார்கிறேன்.

அர்ஃபா அணியில் ஆடினாள். இப்போது வத்தலக்குண்டில் ஒரு பள்ளியில் ஜூடோ சொல்லிக்கொடுக்கிறாள். அவளிடம் கற்கும் பிள்ளைகள் தரையிலும் தட்டுவதில்லை, ஆள் மேலும் தட்டுவதில்லை. பிடி இறுகுவதற்கு முன்பே 'விடு' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு விதி வைத்திருக்கிறாள்.

போன வாரம் போன் செய்தாள். பிள்ளைகள் எல்லாரும் போனபிறகு, தனியாக விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாளாம்.

"பின்னாடி நின்னு 'விடு, விடு'ன்னு சொல்லுதுடி," என்றாள். "நான் யாரையும் பிடிச்சிருக்கலையே பிரியா."