வேட்டித் தூளி

உள்ளறையிலிருந்து முறுக்குக் கடிக்கிற சத்தம் கேட்டது. நாகலூர் முழுக்கப் பனி இறங்கி, ஈரக் காப்பிச்செடி வாசமும் அடுப்புப் புகையும் கலந்து வாசலிலேயே நின்றுவிட்ட காலை அது. சோறு வடித்துக்கொண்டிருந்த சசிகலாவுக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. அப்புறம்தான் உறைத்தது, வீட்டில் முறுக்கே கிடையாது. எட்டிப் பார்த்தாள். அவள் புருஷன் மாதேஷ் கட்டிலில் உட்கார்ந்து தன் சுண்டுவிரல் நகத்தை மென்றுகொண்டிருந்தான்.

மிளகு பறிக்க மரமேறியவன் கரண்டுக் கம்பியில் கைபட்டு விழுந்து மூன்று வாரமாகிறது. பதினோரு நிமிஷம் அவன் இதயம் நின்றுபோயிருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் நெஞ்சை அமுக்கி அமுக்கி உயிரைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஆனால் வந்தவன், "வா புள்ள" என்று வாய் நிறையக் கூப்பிட்டுவந்த பெண்டாட்டியை "வாங்க" என்றான். எட்டு மாதக் குழந்தை பவித்ராவைப் பார்த்து, "இது யாரூட்டுக் கொழந்தைங்க?" என்று கேட்டான்.

சசிகலாவுக்கு ஒரு வழி தெரியும், அதுதான் வினையாகப் போயிற்று. கொட்டச்சேடு பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவுகிற வேலை அவளுக்கு. அங்கே எலிகளின் இதயத்தை எட்டு நிமிஷம் நிறுத்தி, மறுபடி ஓடவிட்டு, மூளை என்ன ஆகிறது, குணம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பார்கள். அப்படிப் பிழைத்த தாய் எலி குட்டிகளைக் கிட்டவே சேர்க்காது. சசிகலா தாய் படுத்த உமியை அள்ளிக் குட்டிகள் மேல் தேய்த்துவிடுவாள். தன் வாசனை அடித்ததும் தாய் அவற்றை அணைத்துக்கொள்ளும். எலிக்குப் பலித்தது மனுஷனுக்குப் பலிக்காதா என்ன? எல்லோரும் தாயின் சேலையில் தூளி கட்டுவார்கள். அவள் மாதேஷின் துவைக்காத வேட்டியில் கட்டினாள். பலிக்கவும் செய்தது. இரண்டே நாளில் அவன் தூளிப் பக்கம் போய் உட்கார ஆரம்பித்தான். சசிகலா அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

நகம் மென்றதைப் பார்த்த அன்றைக்கும் அவள் வேலைக்குப் போனாள். மத்தியானம் ஒன்பதாம் கூண்டைத் திறந்தபோது ரத்த வாடை குப்பென்று அடித்தது. தாய் எலி தன் முன்னங்காலை எலும்புவரை கடித்துத் தின்றிருந்தது. உமி தேய்த்த ஐந்து குட்டிகளில் தலைகள் மட்டுமே மிச்சம். ஒப்பிட்டுப் பார்க்க அதே கூண்டில் விட்டிருந்த வேறொரு தாயின் குட்டி, உமி தேய்க்காதது, ஒரு கீறல்கூட இல்லாமல் மூலையில் நெளிந்துகொண்டிருந்தது.

"தன் வாசன அடிக்கறது எல்லாத்தையும் தன் ஒடம்புன்னே நெனச்சுக்குது சசி," என்றாள் டாக்டர் நந்தினி, குறிப்பெழுதிக்கொண்டே. "அப்பறம் அந்த ஒடம்பையே தின்னுது."

சசிகலா ஓடினாள். எதிரே வந்த ஜீப்பை மறித்து ஏறினாள். சந்து முனையில், பனிக்குள், விறகுச் சுமையோடு பூவாயி வந்தாள். பகலெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டுக்காரி.

"கொழந்த எங்கக்கா?"

"அவரே வெச்சுக்கறேன்னாரு கண்ணு. நொம்ப ஆசையா மோந்து மோந்து பாத்துட்டு இருந்தாரு."

கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள். கரண்ட் இல்லை. உள்ளே இருட்டு.

முறுக்குக் கடிக்கிற சத்தம்.

தூளிக்கடியில் மாதேஷ். இடது கையில் சுண்டுவிரல் இல்லை. அடுத்த விரலும் இல்லை. வலது கை தூளியைச் சுற்றி இறுக்கியிருந்தது. வேட்டியெல்லாம் ரத்தம், அவனுடையது. பவித்ரா தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே தொங்கிய அவள் பாதம் எச்சிலில் நனைந்திருந்தது.

அவன் அந்தப் பாதத்தை மோந்தான். வாயைத் திறந்தான்.

கொடியில் அவன் ஸ்வெட்டர். இழுத்தாள். தன் கையில் பரபரவென்று தேய்த்தாள். அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"ஏனுங்க. இங்க பாருங்க."

மோந்தான். நிதானமாக. பாதத்தை விட்டான். தூளியை விட்டான். அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வா புள்ள," என்றான்.

சுண்டுவிரலில் ஆரம்பித்தான்.

கத்தினால் குழந்தை விழிக்கும். அழும். அவன் திரும்புவான். சசிகலா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். மறு கையால் தூளியை மெல்ல ஆட்டினாள்.