தெருவில் நின்று ஒரு ஜெபம்

என் பெயர் பிளஸ்ஸி. ஏழாம் வகுப்பு. யாராவது பக்கத்தில் வந்து தும்மினால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். காரணம் என் தம்பி ரோஷன்.

அவனுக்கு ரத்தப் புற்றுநோய். மருந்துக்கு அடங்கிய நோய் மறுபடி வந்துவிட்டது. இனி வேறொருவரின் ஸ்டெம் செல்களை அவன் உடம்பில் ஏற்ற வேண்டும். புது ரத்தத்தை ஊறவைப்பவை அவைதான். முழுப் பொருத்தமான ஆள் எங்கும் கிடைக்கவில்லை. என்னுடையது பாதிதான் பொருந்தியது.

பாதியை வைத்தே இப்போது செய்யலாம் என்றார் மதுரை டாக்டர். ஆனால் எனக்குச் சளி, காய்ச்சல் எதுவும் வரக் கூடாது. மதுரை ஆஸ்பத்திரியில் தம்பியின் பழைய செல்களை மருந்தால் அழிக்கத் தொடங்கியாயிற்று. இனி நாள் தள்ளிப்போனால் அவனுக்கு ஆபத்து.

ஆகவே ஐஸ் கிடையாது. அய்யனார் கோவில் அருவிக் குளியல் கிடையாது. பத்து நாளாக மாஸ்க்கைக் கழற்றாமல் திரிந்தேன்.

நான் மதுரைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், இராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்குச் சபையார் வந்தார்கள். தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்புவது எங்கள் வழக்கம். முன்னால் வந்தவர் உபதேசியார் எலியேசர் ஐயா. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்தவர், படியேறும்போதே இருமினார்.

நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

“ஏட்டி, பெரியவிய வந்திருக்காவ. மரியாதை தெரியாதா?” என்று அப்பா அதட்டினார்.

நான் தாழ்ப்பாளை எடுக்கவில்லை. ஆனாலும் ஜன்னலுக்குப் போனேன்.

“கோவிச்சுக்கிடாதீங்க ஐயா. எனக்குச் சளி பிடிச்சா ரோஷனுக்குத்தான் ஆபத்து. தெருவுல நின்னு ஜெபம் பண்ணுங்க. அங்கன இருந்து சொன்னாலும் ஆண்டவருக்குக் கேக்கும்.”

 ஐயா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கி, எல்லாரையும் எதிர்ச் சுவர் வரைக்கும் விரட்டினார். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக ஜெபித்தார்.

மதுரையில் என் ரத்தத்தில் செல்கள் பெருக நாலைந்து நாள் ஊசி போட்டார்கள். எலும்பெல்லாம் வலித்தது. ஒரு தும்மல்கூட வரவில்லை. என் செல்கள் ஒரு பையில் சேர்ந்து, சொட்டுச் சொட்டாகத் தம்பிக்குள் இறங்கின. பதினெட்டாம் நாள், அவை வேலை செய்யத் தொடங்கிவிட்டன என்றார் டாக்டர். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும்தான்.

சில மாதம் கழித்து ரோஷனோடு வீட்டுக்கு வந்தோம். எதிர்ச் சுவரோரம் எலியேசர் ஐயா மாஸ்க் போட்டு நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரச் சொல்லி அப்பா கூப்பிட்டும் அசையவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

“பிளஸ்ஸி, இம்புட்டுத் தூரம் போதுமா?”

நான் பதில் சொல்வதற்குள் ரோஷன் தன் மொட்டைத் தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்துக்கொண்டு சொன்னான்.

“அங்கனயே நில்லுங்க ஐயா. எங்க அக்கா விட மாட்டா.”