கீரைக் கடைசலில் வெள்ளைப் பொடி

கீரைக் கடைசலில் மணிமேகலை தூவிய வெள்ளைப் பொடி கரைவதற்குள், மாமியார் குப்பாயி அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்துவிட்டாள்.

"அடிப்பாவி! எம்பட பையனுக்கு வசிய மருந்தா வெக்கிற? சாதுவா இருந்தவன் ஏன் இப்பிடி வெறி புடிச்சு அலையறான்னு இப்பல்ல தெரியுது!"

அது வலிப்பு மாத்திரை! மிளகு பறிக்கும்போது மரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது முதல், அவள் கணவன் அசோக்குக்குத் தூக்கத்தில் வலிப்பு வருகிறது. விழித்தால் கண்மண் தெரியாத கோபம் வேறு. வெளியே தெரிந்தால் தன் தங்கை சுகுணாவுக்கு வந்த வரன் கலைந்துவிடும் என்று, பெற்ற மகள் தலையில் அடித்து மனைவியிடம் சத்தியம் வாங்கியிருந்தான். அம்மா கண்ணில் படாமல் மாத்திரையைப் பொடித்துக் கலக்கச் சொன்னதும் அவன்தான்.

மணிமேகலை, சாப்பிட உட்கார்ந்திருந்த கணவன் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க... நீங்களே சொல்லுங்க..."

"எனக்கென்ன தெரியும்?" என்று அசோக் எழுந்து போய்விட்டான். கட்டிய கணவனா இப்படிச் சொன்னான்! அவள் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று முதல் அடுப்படி குப்பாயி வசமானது. வயிற்றில் போன வசிய மருந்தை எடுப்பதாகச் சொல்லும் ஒருவனிடம் மகனைக் கூட்டிப்போய், பச்சிலைச் சாறு கொடுத்து வாந்தி எடுக்க வைத்தாள். மணிமேகலை மறைவில் நீட்டிய மாத்திரையை அசோக் தட்டிவிட்டான். "நிச்சயம் முடியட்டும் புள்ள... அதுக்குள்ள உசுரா போயிரும்?"

நிச்சயத்தன்று, மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்த நேரத்தில், அசோக் வெட்டிய மரமாய்ச் சாய்ந்தான். ஒரு வலிப்பு அடங்குமுன் அடுத்தது! குப்பாயி அலறியபடி சாவிக்கொத்தை அவன் பல்லிடுக்கில் திணிக்கப் போனாள்.

மணிமேகலை அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "வாயில எதையும் வெக்காதீங்க அத்தை!" என்று அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குத் துண்டை மடித்துக் கொடுத்தாள். சத்தியம் பெரிதா, உயிர் பெரிதா? "இது வலிப்புங்க! நான் கலந்தது அதுக்கான மாத்திரைங்க... நிறுத்துனதால வந்துதுங்க! யாராச்சும் வண்டிக்குப் போன் போடுங்க!"

சுகுணா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

மலையிறங்கிச் சேர்த்த ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார்: "மாத்திரையத் திடீர்னு நிறுத்துனா இப்படித்தான் விடாம வரும்மா. இன்னும் நீடிச்சிருந்தா மூளையே சேதமாகியிருக்கும். அந்தக் கோவமும் இந்த நோயோட சேர்ந்து வர்றதுதான், அதுக்கும் வைத்தியம் இருக்கு. இத்தனை நாள் இவரைக் காப்பாத்துனது உங்க மருமக."

"ஐயோ கண்ணு... பெத்த புள்ளைய நானே கொல்லப் பாத்தனே!" குப்பாயி மருமகளைக் கட்டிக்கொண்டு கதறினாள். மணிமேகலை கல்லாய் நின்றாள்.

மறுநாள் கண்விழித்த அசோக் முதலில் கேட்டது இதைத்தான்: "வரன்... நின்னு போச்சா?"

மணிமேகலைக்குத் தூக்கிவாரிப்போட்டது. செத்துப் பிழைத்தும் இந்த மனுஷனுக்கு இதுதானா கவலை!

சுகுணா முன்னால் வந்தாள்.

"நின்னா நிக்கட்டும்ணா! அண்ணி தாலியறுந்துதான் எங்கழுத்துல தாலி ஏறோணுமா? அப்பிடியொரு கல்யாணம் எனக்கு வேண்டாம்!"

அசோக் முகத்தை மூடிக்கொண்டான். விரலிடுக்கில் கண்ணீர் வழிந்தது. "அம்மா... நாந்தான் கலக்கச் சொன்னேன். இவ மேல ஒரு தப்புமில்ல... கோழையாட்டம் வாய மூடிட்டு இருந்துட்டேன்."

வசிய மருந்துப் பழிக்கும் வாந்திச் சாற்றுக்கும் அழாத மணிமேகலை, நாத்தனார் தோளில் முகம் புதைத்து ஓவென்று அழுதாள்.