ரோஸின் கண் என்ன நிறம்?

தர்மிளாவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு சிப்பாயைக் கொடுத்துவிட்டார்கள். பயப்படாதீர்கள் செல்லங்களே, காகிதத்தில்தான்.

அவர் பெயர் பியேர் லம்பேர். ஏறக்குறைய நூற்றெழுபது வருடங்களுக்கு முன்னால் பிரான்ஸிலிருந்து கிரிமியா என்ற தூரத்து இடத்துக்குச் சண்டைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. படம் இல்லை, பதக்கம் இல்லை. இரண்டு பழைய தாள்களின் நகல் மட்டும் இருந்தது. ஒன்றில் அவருடைய உயரம், பழுப்புக் கண், அதன் கீழே குடும்பத்தாரின் பெயர்களும் பிறந்த ஆண்டுகளும். மற்றது, மனைவி மரிக்கு அவர் எழுதிய கடைசிக் கடிதம்.

இவற்றைப் பார்த்து அவருடைய குடும்ப மரத்தை வரைய வேண்டும். நாளைக் காலை அது வகுப்புச் சுவரில் ஏறிவிடும்.

பாரிஸில், மார்க்ஸ் டோர்மோய் என்ற பகுதியில் நாலாம் மாடி வீடு. தர்மிளா சாப்பாட்டு மேசையில் தாளை விரித்தாள். ஜாக் லம்பேர், 1799. பியேர் லம்பேர், 1829. ரோஸ் லம்பேர், 1854.

இது சுகமான வேலை என்று நினைத்தாள். அவள் தர்மிளா உதயன். உதயன் அவளுடைய அப்பா. அப்படியென்றால் லம்பேர் என்பவர்தானே இந்த மூன்று பேருக்கும் அப்பா? பியேரின் மகளாக இருந்தால் 'ரோஸ் பியேர்' என்றல்லவா இருக்கும்?

பியேரின் பிள்ளைகள் என்ற கட்டத்தில் 'ஒருவரும் இல்லை' என்று எழுதினாள். எழுதியதும் மனம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பாவம், ஒரு பிள்ளைகூட இல்லாமல் போய்விட்டாரே.

பிறகு ஆண்டுகளைப் பார்த்தாள். மூத்தவருக்கும் கடைக்குட்டிக்கும் ஐம்பத்தைந்து வயது வித்தியாசம். இந்த லம்பேர் மனிதரா, ஆமையா?

அப்பா ரூ காய் என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்பவர். பின்னேர இடைவேளையில் வந்து சோபாவில் சரிந்திருந்தார். அவரிடம் கேட்டாள்.

"அந்தக் காலத்திலை அப்பிடித்தான் பிள்ளை. என்ரை சித்தப்பா ஒராள் என்னிலும் சின்னவர்," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். குழப்பம் இரண்டு மடங்கானது.

கடிதத்தைப் படித்தாள். 'குட்டி ரோஸின் கண் என்ன நிறம்? மூன்று தடவை கேட்டுவிட்டேன், மரி.'

சொந்தத் தங்கையின் கண் நிறம் தெரியாத அண்ணன் உண்டா? தம்பி லவனின் முழங்காலில் எத்தனை காயம் என்றுகூட அவளுக்குத் தெரியும்.

சரி, மரத்தின் கோடுகளையாவது போடுவோம் என்றால் அடிமட்டத்தைக் காணவில்லை. ஆறு வயது லவன் அதை வாளாக்கி ஜன்னல் திரையைக் குத்திக்கொண்டிருந்தான்.

"அதைத் தா."

"தரமாட்டன். சண்டை முடியேல்லை."

அவனுடைய பையிலிருந்து நூலக அட்டையை எடுத்து, அதன் விளிம்பில் கோடு இழுத்தாள். பாதியில் பென்சில் நின்றது. அட்டையில் இருந்த பெயர்: லவன் இராஜேந்திரன்.

இராஜேந்திரன் அப்பாவின் அப்பா. தர்மிளா பிறந்தது யாழ்ப்பாணத்தில். லவன் பிறந்தது பாரிஸில். இங்கே பதியும்போது, அப்பாவின் பெயருக்குப் பின்னால் இருந்ததையே மகனுக்கும் போட்டுவிட்டார்கள். "பேப்பரிலை பாத்தால் இவன் எனக்குத் தம்பி," என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

"லவன், நீ ஆற்றை பிள்ளை?"

"அப்பான்ரை. ஏன், உனக்குத் தெரியாதே?"

லம்பேர் என்று தனியாக ஓர் ஆள் இல்லவே இல்லை! ஜாக்கிடமிருந்து பியேருக்கும், பியேரிடமிருந்து ரோஸுக்கும் இறங்கி வந்த பெயர் அது. ரோஸ் தங்கை இல்லை, மகள். அவர் சண்டைக்குப் போன பிறகு பிறந்தவள். அவர் அவளைக் கண்டதே இல்லை.

'ஒருவரும் இல்லை' என்பதைத் தாள் கிழியாமல் மெதுவாக அழித்தாள். அந்த இடத்தில் 'ரோஸ்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு சின்ன முகம் வரைந்தாள். பிறகு பென்சில் பெட்டியில் தேடிப் பழுப்பு நிறத்தை எடுத்தாள்.

லவன் வந்து எட்டிப் பார்த்தான். "அந்தப் பிள்ளைக்கு இந்த நிறக் கண் எண்டு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அவளின்ரை அப்பா எவ்வளவு காலமாக் கேட்டுக்கொண்டு இருக்கிறார், பாவம். அதுதான் நான் சொல்லுறன். அவரின்ரை கண் மாதிரித்தான்."

லவன் கொஞ்ச நேரம் ரோஸைப் பார்த்தான். பிறகு அடிமட்டத்தை அவளுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"சண்டை முடிஞ்சுது," என்றான்.