பிடித்த மூச்சு

பேய்க்கு இருட்டு வேண்டும், நடுநிசி வேண்டும் என்பவர்கள் ஆஸ்பத்திரியின் சிடி ஸ்கேன் அறைக்குள் போனதில்லை என்று அர்த்தம். கட்டடத்தின் அடித்தளம். ஜன்னல் கிடையாது. நடுப்பகலும் அங்கே கிணற்றுக்குள் விழுந்த மாதிரிதான் இருக்கும். இயந்திரத்துக்குச் சூடு ஆகாது என்பதால் மனிதர்கள் நடுங்குவார்கள்.

அங்கே படம் எடுப்பவள் அவள். அன்று மதியம் சக்கர நாற்காலியில் வந்து சேர்ந்தது அவளுடைய சொந்தத் தம்பி. ஒல்லி உடம்புக்கு அவள் வைத்த பட்டப்பெயர் ஒட்டடைக்குச்சி.

ஒட்டடைக்குச்சி படுத்துத் தூங்கிப் பல நாளாயிற்று. மார்பெலும்புக்குப் பின்னால் ஒரு கட்டி. உட்கார்ந்தால் சும்மா இருக்கும். படுத்தால் மூச்சுக்குழாய்மேல் ஏறிக்கொள்ளும்.

"பயமா இருக்காடா?"

"கட்டிகூடப் பரவால்லக்கா. உன் கையில மாட்டினேன் பாரு, அதான்."

படம் படிக்கும் டாக்டர் அவளைத் தனியே அழைத்தார். "உள்ள இருக்கறது கொழுப்பா, நீரா, சதையான்னு தெளிவாத் தெரியணும்மா. தெரியாம சர்ஜன் நெஞ்சைத் திறக்க மாட்டார். ஆனா இவனை ரொம்ப நேரம் படுக்க வைக்காத."

படுக்க வைத்தாள். தடுப்புக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஓடிவந்து பொத்தானை அழுத்தினாள். அவனைச் சுற்றி இயந்திரத்தின் வளையம் உறுமிச் சுழன்றது. பதிவுசெய்த குரல், தினமும் கதவு தட்டும் பால்காரியைப் போலச் சலிப்பில்லாமல், சொன்னது: "மூச்சை இழுங்க. பிடிங்க." பிறகு, "விடுங்க."

திரையில் விலா எலும்புகள் சீவிவைத்தது போலத் துல்லியம். கட்டி மட்டும் கலங்கிக் கிடந்தது.

"நடுவுல மூச்சு விட்டியா?"

"சத்தியமா இல்லக்கா."

மறுபடி எடுத்தாள். அவன் மார்பு அசையவில்லை. கண்ணாடி வழியே இமைக்காமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எலும்பு துல்லியம். நுரையீரல் துல்லியம். கட்டி மட்டும் கலங்கல்.

விரிந்து, சுருங்கி, விரிந்து.

அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

தம்பியின் உதடு கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. உட்காரவைத்து முதுகைத் தடவினாள். டாக்டர் தலையை ஆட்டினார். "இன்னும் ஒரே தடவை. அதுவும் சரியா வரலைன்னா..."

அவள் தம்பியை மறுபடி படுக்கவைத்தாள்.

மூன்றாம் முறை பதிவுக்குரலை அணைத்தாள். அவளே மைக்கை இழுத்துக்கொண்டாள். படித்தவள் செய்யும் காரியமா என்றால், இல்லை. தம்பி நீலம் பாயும்போது படிப்பை யார் கண்டது?

"மூச்சை இழுடா," என்றாள். பிறகு வாயை மைக்கில் ஒட்டிக்கொண்டு, கெஞ்சலாக: "ரெண்டு பேரும் பிடிங்க."

வளையம் சுழன்று நின்றது.

படம் கண்ணாடி மாதிரி வந்தது. கொழுப்பு ஒரு பக்கம், நீர் ஒரு பக்கம், நடுவே அரிசி அளவில் வெள்ளையாக ஒன்று.

அவள் மைக்கைப் போட்டுவிட்டு உள்ளே ஓடி, தம்பியைத் தூக்கி உட்காரவைத்தாள். "விட்டுடு, விட்டுடுடா கண்ணா!" என்று அவன் காதில் சொன்னாள்.

டாக்டரின் முகம் மலர்ந்திருந்தது. "டெரட்டோமா. அது பல்லும்மா. உள்ள முடிகூட இருக்கும். கருவுல வழி தவறிப்போன செல்லுங்க பண்ற வேலை. பார்த்தா புற்று மாதிரி இல்ல, எடுத்துடலாம்."

"பல்லா?" தம்பி மூச்சிரைத்துக்கொண்டே சிரித்தான். "வாடகை குடுக்காம இருந்ததும் இல்லாம, மென்னு வேற பார்த்திருக்கு."

எடுத்தார்கள். கட்டி புட்டியில் பரிசோதனைக்கூடத்துக்குப் போய், கெட்டது இல்லை என்று முடிவும் வந்தது. தம்பி மல்லாந்து படுத்து, வார்டே எழுந்து உட்காரும்படி குறட்டை விட்டான். அவள் அந்தக் குறட்டையைக் கேட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பினாள். முதல் நோயாளியை அனுப்பிவிட்டு, ஸ்கேன் மேசையின் விரிப்பை மாற்றி, கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

உள்ளே யாரும் இல்லை.

விரிப்பின் நடுவில் மட்டும், ஒரு குழந்தை படுத்த அளவுக்கு, பள்ளம்.

ஸ்பீக்கர் கரகரத்தது. நெஞ்சு முட்ட அடக்கிக்கொண்டு பேசும் குரல். தம்பியின் குரல் போலவே, ஆனால் இன்னும் சின்னது.

"அக்கா... நான் இன்னும் பிடிச்சிட்டுதான் இருக்கேன். விடலாமா?"